ஈயக்குட்டை மணலில் வாசல் கோலம்

1

இந்த நாட்டில் வெடி வெடிக்கச் சீட்டு வாங்க வேண்டும். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய என் கொழுந்தனிடம் இதைச் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தும்முறதுக்கும் சீட்டு உண்டா அண்ணி?" என்று கேட்டான். சிரிக்கட்டும். அந்தச் சீட்டுக்காக நான் ஈப்போவுக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தது எனக்கும் என் செருப்புக்கும்தான் தெரியும். தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. அந்த அலைச்சல் மனதை விட்டுப் போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது பேராக்கில், ஈப்போ பட்டணத்துக்குச் சற்று வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் இங்கே டிரஸ்ஸர். டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர்; டாக்டர் வருவதோ அமாவாசைக்கு அமாவாசை. அதனால் தோட்டம் முழுக்க எனக்கு டிரஸ்ஸரம்மா என்று பெயர். கோமதி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது, அதுவும் காபி வேண்டும்போது.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தெருவிலோ, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலோ, கடை வாசலிலோ எங்கே வெடித்தாலும் முன்கூட்டியே போலீஸில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். எந்த இடம், எந்த நாள், எந்த நேரம், யார் பொறுப்பு என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். அது இல்லாமல் வெடித்து அகப்பட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். சீனர்கள் தங்கள் புத்தாண்டுக்கு மாடியிலிருந்து சரம் சரமாகத் தொங்கவிட்டு வெடிப்பதைப் பார்த்து, அவர்களுக்கு மட்டும் சட்டம் கிடையாதா என்று நம் ஆட்கள் பொருமுவார்கள். நானும் பொருமியவள்தான். அவர்களுடைய சங்கத்தார் முன்னாலேயே போய்க் கேட்டு வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. நாமோ கேட்காமல் வெடித்துவிட்டு, பிடித்தால் காலில் விழுகிறோம்.

ஊரைப் பற்றி உருகி எழுத எனக்கு வராது. நாகப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்குப் போலீஸ் என்றால் எதிர் வீட்டு வக்கீல் குமாஸ்தாதான். அவர் தூங்கும்போது வெடித்தால் ஜன்னலைத் திறந்து மூன்று தலைமுறையைத் திட்டுவார். ஒரு தீபாவளிக்கு என் அண்ணன் விட்ட வாணம் அவர் வீட்டு வைக்கோற்போரிலேயே போய் விழுந்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். யாரும் கருகாமல் தப்பியது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் என்று அப்போது நினைத்தேன். ஏதோ நல்ல நேரம், தப்பினோம்.

2

நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம். வெடியை வாங்கி வந்தால் அப்படியே வெடிப்பதில்லை. முறத்தில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். என் அம்மா வடகத்தைப் புரட்டுவது போல அதையும் புரட்டிப் புரட்டிப் போடுவாள். காயாத வெடி புஸ்ஸென்று போய்விட்டால் அந்த வருஷமே புஸ்ஸென்று போய்விட்டதாக அவளுக்கு மனசு கெட்டுவிடும். அந்தப் பழக்கத்தை எல்லோரும் மூட்டை முடிச்சோடு இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். வெயிலை மட்டும் கொண்டுவர முடியவில்லை. தீபாவளி மாதத்தில் இங்கே மத்தியானம் ஆனால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. துணி காயாது, விறகு காயாது, பெட்டிக்குள் வைத்த உப்புகூட ஒழுகும்.

தோட்டத்தில் எந்த மழையிலும் காய்ந்து கிடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மரத்தில் இறக்கிய பாலை உறையவைத்து, தாளாக அழுத்தி, கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாள் கணக்கில் புகை போடுகிற கொட்டகை. புகைக் கொட்டகை என்போம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அந்தப் பக்கம் திரும்பியதும் பெண்கள் பிள்ளைத் துணியைக்கூட அங்கே கொண்டுபோய்ச் செருகிவிட்டு வருவார்கள். அதைப் பார்த்துக்கொண்டவன் முத்தையன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் விடாத மழை. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு வெடிப் பொட்டலத்தை முத்தையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "சும்மா ரெண்டு நாளைக்கு மேல் கழியில வையிண்ணே" என்றார்கள். அவனும் வைத்தான். வாடைக்காற்று வீசிய ஒரு சாயங்காலம் கீழே அடுப்பு கொஞ்சம் எகிறிப் பிடித்தது. ரப்பர் பிடித்துக்கொண்டால் எப்படி எரியும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தார் போலக் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். முத்தையன் வெளியேதான் நின்றான். பொட்டலங்களை எடுத்து எறிந்துவிட்டால் கொட்டகை தப்பிவிடும் என்று உள்ளே ஓடினான். இரண்டை எறிந்தான். மூன்றாவது அவன் கையிலேயே வெடித்தது.

அந்தத் தீபாவளியை நானும் என் வீட்டுக்காரரும் முத்தையனின் வலது கைக்கு எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டே கழித்தோம். உயிர் பிழைத்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் கையால் இனி உளி பிடித்து மரம் சீவிப் பால் எடுக்க முடியாது.

வெடி வைக்கக் கொடுத்தவர்கள் லயம் முழுக்க இருந்தார்கள். பழியென்னவோ அவன் ஒருவன் தலையில் விழுந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, தோட்டத்துக்குள் இனி வெடியே கூடாது என்றார். முத்தையனைத் துரத்தாமல் லயத்துக்குக் காவல்காரனாகப் போட்டார். அது தயவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பெரிய கிராணி கணக்கறை வாசலில் நின்று மிச்சத்தையும் சொன்னார். அவர்தான் அங்கே தலைமைக் குமாஸ்தா.

"லயத்துல ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் காவல்காரன்தான் பொறுப்பு. அன்னைக்கே பேர் வெட்டு."

பேர் வெட்டு என்றால் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. கணக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவது. பெயர் போனால் வேலை போச்சு, லயத்து வீடு போச்சு, ரேஷன் அரிசி போச்சு. கை போன ஒருவனை இன்னொரு தோட்டத்தில் யார் சேர்ப்பார்கள்? முத்தையனும் அவன் மனைவி செல்லம்மாவும் இரண்டு தட்டுமுட்டுச் சாமானோடு சாலையில் நிற்க வேண்டியதுதான்.

3

என் மகள் கமலா ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டுக்குள் அவள் பேசுகிற தமிழில் கால்வாசி மலாய், கால்வாசி இங்கிலீஷ். அவளுடைய சீனத் தோழிகளின் புத்தாண்டு எந்த மாதம் வரும் என்று கேட்டால் பட்டென்று சொல்வாள். தீபாவளி எதற்கு என்று கேட்டால், "புதுச் சட்டைக்கு" என்பாள். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்வேன்.

இந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, லயத்துல எல்லா வீட்டு அத்தாப்புலயும் மெர்சுன் இருக்கு."

மெர்சுன் என்றால் மலாயில் வெடி. அத்தாப்பு என்பது எங்கள் லயத்துக் கூரையில் வேய்கிற ஓலை. கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். முத்தையாண்ணே வீட்டுலகூட இருக்கு."

காவல்காரன் வீட்டுக் கூரையிலேயே வெடி. நான் கையைக் கழுவிக்கொண்டு நேராக லயத்துக்குப் போனேன். கீழே அடுப்பு எரிகிறது, மேலே காய்ந்த ஓலைக்குள் வெடி மருந்து. வீட்டுக்கு வீடு கூரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று பிடித்தால் கடைசி வீடுவரை போகும். துரை தடை போட்டார். ஜனங்கள் அதை ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். தடைக்கு முன்னால் முறத்தில் கிடந்த வெடி தடைக்குப் பின்னால் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

செல்லம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவருக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? வெடிச்சா உன் புருசன் பேர்தான் போகும். உனக்குப் பைத்தியமா செல்லம்மா?"

"போன வருசம் எங்க வீட்டுக்குத் தீபாவளி வரல. ஆஸ்பத்திரிப் படியில உக்காந்திருந்தேன். எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வாசல்ல ஒரு வெடி போட்டாத்தானே பீடை போகும்? அந்த ஒண்ணைப் போடாம விட்டதாலதான் இந்த வருசம் முழுக்க இப்படிப் போச்சுன்னு எனக்கு மனசுல கெடக்கு. ஒண்ணே ஒண்ணும்மா. வாசல்ல வச்சுட்டு உள்ள ஓடிர்றேன்."

திட்டவேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"வெடி போடலாம். திருட்டுத்தனமாப் போட வேணாம். நான் சீட்டு வாங்கிட்டு வாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சீட்டை யார் கொடுப்பார்கள், எங்கே கொடுப்பார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. சொல்லியாகிவிட்டது. இனி வாங்கித்தான் ஆகவேண்டும்.

4

என் வீட்டுக்காரர் சாது. கட்டி அறுக்கும்போது நடுங்காத கை, துரையின் பெயரைக் கேட்டால் நடுங்கும்.

"இது நமக்கு எதுக்குக் கோமதி? ஏதாவது ஆச்சுன்னா என் பேரும் சேர்ந்து போகும்."

"போன வருசம் மாதிரி இன்னொரு கையை நீங்க கட்டுவீங்களா? என்னால விளக்குப் பிடிக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைத் துரையிடம் கூட்டிக்கொண்டு போனார். அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம்.

எங்கள் தோட்டத்து எல்லையில் பழைய ஈயச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி மூடிவிட்டுப் போன இடம். பெரிய குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். சுற்றிலும் வெள்ளை மணல். புல் கிடையாது, மரம் கிடையாது, கூரை கிடையாது. எரிவதற்கு ஒன்றுமே இல்லாத இடம், பக்கத்திலேயே தண்ணீர். இத்தனை வருஷமாக அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறோம். ஒருவருக்காவது தோன்றியதா? எனக்கும் அன்றுதான் தோன்றியது; அங்கே வெடிக்கலாமா என்று துரையிடம் கேட்டேன்.

துரை தோட்டத் தமிழில் கேட்டார், தோட்டத் தமிழிலேயே முடித்தார். "நல்லது. வெளியே போ, போலீஸ் சீட்டு வை, வெடி போடு. லயத்தில் சத்தம் வந்தா முத்தையா பேர் வெட்டு." அவரிடமிருந்து நாங்கள் பெற்றது அவ்வளவே. அது போதும் என்று எனக்குப் பட்டது. பெரிய கிராணி மட்டும், "பொம்பளைங்க போய்ச் சீட்டு வாங்கறதாவது" என்று முணுமுணுத்தார்.

ஈப்போ போலீஸில் ஒரு மலாய்க்கார சார்ஜன். கெட்டவர் இல்லை. அவருக்கு மிகவும் பிடித்த வார்த்தை 'எசோக்'. நாளைக்கு என்று அர்த்தம். முதல் தடவை போனபோது இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார். தவுக்கேயைத் தேடிப் போனால் அவர் பட்டணத்தில் வெடிக் கடை வைத்திருக்கிறார்! "என்கிட்ட வாங்கு, எங்க வேணும்னாலும் போடு" என்று சிரித்துச் சம்மதம் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோனால் எசோக். மறுபடி போனால் பெரிய இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், எசோக். ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து போய் நின்றேன். எசோக் என்று சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினார்கள். என் மலாய் சந்தையில் மீன் பேரம் பேசுவதற்குத்தான் காணும். இங்கிலீஷ் அதற்கும் காணாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கமலாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, புகைக் கொட்டகை, முத்தையன் கை, ஓலைக் கூரை, வாசலில் போடும் வெடி, நம் ஜனங்களின் மனசு, தடை போட்டால் ஒளிப்பார்கள் என்பது எல்லாம். மூச்சு வாங்கி நிறுத்தினேன். கமலா இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"என்னடி சொன்னே?"

"வீட்டுக் கிட்ட வெடிச்சா நெருப்புப் பிடிக்கும், தண்ணிக் கிட்ட வெடிக்க அனுமதி வேணும்னு சொன்னேன்."

"நான் சொன்னது அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னதில் பாதி இந்தப் பெண்ணுக்கே போய்ச் சேரவில்லையோ என்று பயமாக இருந்தது. ஒருநாள் இவள் என்னையும் இப்படி ஒரே வாக்கியத்தில் யாருக்காவது சொல்லி முடித்துவிடுவாள். ஆனால் காரியம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நடந்தது. அதை மறைப்பானேன்.

இன்ஸ்பெக்டர் நிபந்தனைகளைச் சொல்ல, சார்ஜன் எழுதினார். நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் வெடிக்க வேண்டும். மணலை விட்டு வெளியே ஒரு வெடிகூடக் கூடாது. தண்ணீர் வாளி வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் கூட நிற்காமல் பிள்ளைகள் கொளுத்தக் கூடாது. வெடிக்காத வெடியை யாரும் கையில் எடுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்ற வேண்டும். பொறுப்பாளர் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும். பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது சார்ஜன் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுப் பேனாவைத் தூக்கினார்.

"சாயா" என்றேன். மலாயில் நான் என்று அர்த்தம். "எழுதுங்க. கோமதி."

என் பெயர் இந்த நாட்டுச் சர்க்கார் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

சட்டம் என்றாலே வெள்ளைக்காரன் நம் கழுத்தில் போட்ட கயிறு என்று அங்கே ஊரில் நீங்கள் மேடை போட்டுப் பேசுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். பல சட்டங்கள் அப்படித்தான், நான் மறுக்கவில்லை. இதை எழுதியவனும் என்னையும் செல்லம்மாவையும் நினைத்து எழுதியிருக்கமாட்டான். அவன் தலைக்கு மேல் ஓலைக் கூரை இல்லை. ஆனால் ஓலைக் கூரைக்குக் கீழே இருப்பவளுக்கு அந்த நிபந்தனைகளில் ஒவ்வொன்றும் வேண்டியிருக்கிறது. யார் சொன்னால் என்ன, எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்வேன்.

5

சீட்டு வந்துவிட்டது. ஜனங்கள் வரவேண்டுமே.

லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் பெண்களைக் கூட்டிச் சொன்னேன். கூரையில் ஒளித்த வெடியெல்லாம் என் கைக்கு வரவேண்டும். குட்டைக் கரையில் பழைய பம்பு வீடு தகரக் கூரையோடு சும்மா கிடக்கிறது. அங்கே பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவைப்போம். ஈரம் ஏறாமல் இருக்க வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து டின்னுக்குள் போடுவேன். என் காபித்தூளை நான் அப்படித்தான் காப்பாற்றுகிறேன். அடுப்பு வேண்டாம், புகைக் கொட்டகை வேண்டாம்.

அது எல்லோருக்கும் பிடித்தது. மணலில் வெடிப்பதுதான் பிடிக்கவில்லை.

"அதெப்படிக்கா, ஊர்க்கோடியில போய் வெடிச்சா எங்க வீட்டுப் பீடை எப்படிப் போகும்?" என்றாள் ஒருத்தி.

"வாசல்ல போடாத வெடி என்னா வெடிலா? சுடுகாட்டுல போடுற மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

நான் சட்டம் சொன்னேன், கோர்ட்டைச் சொன்னேன், முத்தையன் பேரைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். தலையைக் குனிகிறவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. எனக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது. இத்தனை எசோக்கையும் தாண்டி வந்து சொந்த ஜனத்திடம் தோற்பதா?

அப்போதுதான் ஓரத்தில் நின்ற செல்லம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கோலம் போட்ட எடம்தானே வாசல்?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்த லயத்து வாசலே நாம கப்பல் ஏறி வந்து கோலம் போட்டதாலதானே வாசலாச்சு? மணல்ல ஆளுக்கொரு கோலம் போடுவோம். அது நம்ம வாசல். அதுக்கு முன்னால வெடிப்போம்."

எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பிஸ்கட் டின்கள் நிறைந்தன. ஓலைக்குள்ளிருந்தும் அரிசிப் பானைக்கு அடியிலிருந்தும் பொட்டலங்கள் வந்தன. சாமி படத்துக்குப் பின்னால் இருந்துகூட ஒன்று வந்தது. செல்லம்மா தன்னுடையதைக் கடைசியில் கொண்டுவந்தாள். சின்னப் பொட்டலம். "இது தனியா இருக்கட்டும்மா" என்றாள்.

6

தீபாவளியன்று இருட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, விடியும் நேரத்தில் எல்லோரும் மணலுக்குப் போனோம். பிள்ளைகள் புதுச் சட்டையோடு முன்னால் ஓடினார்கள். பெண்கள் கோலப் பொடியை எடுத்தார்கள், போட்டார்கள், பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மணலில் அரிசி மாவு எங்கே தெரியும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பிறகு யாரோ பம்பு வீட்டுப் பக்கம் கிடந்த உடைந்த செங்கல்லைத் தட்டிப் பொடித்தார்கள். மஞ்சள் தூள் கொண்டுவந்தவள் அதைப் பங்கு கொடுத்தாள். சற்று நேரத்தில் குட்டைக் கரை நெடுகச் சிவப்பிலும் மஞ்சளிலுமாக வரிசையாகக் கோலங்கள். லயத்தில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடோ அதே வரிசை. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவள்கூட அந்த வரிசையை மாற்றவில்லை.

முத்தையன் வரவில்லை. காவல்காரன் லயத்தை விட்டு அகலக்கூடாது என்பது உத்தரவு. "நீங்க போங்க. நான் வீடுகளைப் பாத்துக்கிறேன்" என்று இரண்டு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்துகொண்டான். அவன் வீட்டுக் கோலத்துக்கு முன்னால் செல்லம்மா தனியாக நின்றாள்.

நீள மூங்கில் குச்சி நுனியில் ஊதுபத்தி கட்டி ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். வெளிச்சம் நன்றாக வந்ததும் சீட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "ம், போடுங்க" என்றேன். குட்டைக் கரையே அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மருந்துப் பெட்டியோடு நின்றார். அதை அவர் திறக்க வேண்டியே வரவில்லை. ஒரு வெடி புஸ்ஸென்று போனபோது அதை எடுக்கப் போன ஒரு பெரிய ஆளைப் பார்த்து நான் போட்ட கத்தலில் அவர் மணலில் உட்கார்ந்தேவிட்டார். கமலா ஓடிப்போய் அந்த வெடியின் மேல் வாளியைக் கவிழ்த்தாள். "நிபந்தனை" என்றாள் அந்த ஆளிடம், சுத்தத் தமிழில். எனக்குக் கேட்கவே இதமாக இருந்தது.

இங்கே நான் யோசிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக நிற்கிறது. மணலில் வெடித்த சத்தம் அந்த மலையில் மோதித் திரும்பி, மேட்டிலிருக்கும் துரை பங்களாவுக்கு லயத்திலேயே வெடிப்பது போலக் கேட்டிருக்கிறது. துரை பெரிய கிராணியை அனுப்பியிருக்கிறார். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு லயத்துக்குப் போனால், ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. நாய்கள்கூட மணலுக்கு வந்துவிட்டன. முத்தையன் மட்டும் இரண்டு வாளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

"யாருடா இங்க வெடிக்கிறது?" என்று கிராணி கத்தியிருக்கிறார்.

"மலைதாங்க வெடிக்குது" என்றிருக்கிறான் முத்தையன். "அதுக்கும் பேர் வெட்டணுமா, கேட்டுச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லத் தெரியாதவன் என்று எழுதினேனே, அவன்தான். கிராணி வீடு வீடாக வாசலைப் பார்த்திருக்கிறார். வெடிக் காகிதத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து நேரே மணலுக்கு வந்து என்னிடம் சீட்டைக் கேட்டார். தலைப்பை அவிழ்த்துக் கொடுத்தேன். மேலும் கீழும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "துரைக்கிட்ட சொல்லணும். முடிவு அவர் கையில" என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சட்டப்படி எல்லாம் செய்தும், ஒரு மலை எதிரொலித்ததற்காக அந்த மனிதன் பெயர் போய்விடுமோ?

எல்லோரும் முடித்துவிட்டார்கள். செல்லம்மா மட்டும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செல்லம்மா, நேரம் முடியப் போகுது" என்றேன்.

"எல்லாச் சத்தமும் அடங்கட்டும்மா. தனியாப் போட்டாத்தானே அவருக்குக் கேக்கும்."

எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொன்னேன். குழந்தைகள்கூட அடங்கினார்கள். அவள் வெடியைத் தன் கோலத்துக்கு முன்னால் வைத்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்து விலகினாள். ஒரே ஒரு வெடி. சத்தம் குட்டையைத் தாண்டிப் போய் மலையில் பட்டு, லயத்தின் மேல் இறங்கியது. அவள் அது அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காகிதத்தையெல்லாம் கூட்டி, நனைத்து, புதைத்துவிட்டுத் திரும்பினோம். முத்தையன் வாசலில் நின்றிருந்தான்.

"கேட்டுச்சா?" என்றாள் செல்லம்மா.

"கடைசியா ஒண்ணு தனியா வந்துச்சு. நம்ம வாசல்லயே போட்ட மாதிரி இருந்துச்சு" என்றான் அவன்.

அடுத்த வருஷத்துச் சீட்டுக்கு நான் இரண்டு மாதம் முன்னாலேயே போகப்போகிறேன். செல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். கமலா பேசட்டும்; அவளுடைய ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். சார்ஜன் எத்தனை எசோக் சொன்னாலும் சொல்லட்டும், எங்களுக்கும் நாளை என்று ஒன்று உண்டு.

இதெல்லாம் இப்போது தெம்பாக எழுதுகிறேன். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போனேன். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் படிக்கிற இடம் அது. டிரஸ்ஸர் மனைவிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. செல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கிராணி பால் வெட்டுகிறவர்களைப் படித்தார். புல் வெட்டுகிறவர்களைப் படித்தார். காவல்காரர்களுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முத்தையா" என்று படித்தார்.

"வந்தேங்க" என்று அந்த வலது கை மேலே போனது.

பெரிய கிராணி அடுத்த பெயருக்குப் போனார்.